புள்ளிக்கோடு

பீல் நகரில் தெருவுக்கு இரண்டு பெயர்.
ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று,
ஒரே நீலத் தகட்டில்.
தபால்காரருக்கு இரண்டும் சரி.

அப்படியொரு தெருவில், நான்காம் மாடியில்,
ஓய்வூதிய நிதியம் ஒன்றின் முப்பத்தேழு வயது நிரலைப்
பிரித்துப் பார்க்கும் கருவி செய்கிறேன்.
எழுதியவர்கள் கலைந்துவிட்டார்கள்.
மூலப்பிரதி பாதி நிலவறை வெள்ளத்தில் போனதாகச் சொல்கிறார்கள்.
மிச்சம், அது ஓடுகிறது என்பது மட்டும்.
மாதம் இருபத்தைந்தாம் திகதி
பதினோராயிரம் பேருக்குப் பணம் போகிறது,
எப்படி என்று யாருக்கும் தெரியாமல்.

பழைய கருவி படம் வரைந்து தந்தது.
பெட்டிகள். நடுவே கோடுகள்.
ஓடும்போது கண்ணால் கண்ட அழைப்புக்கும்
பெயர் ஒத்துவருகிறதே என்று ஊகித்த அழைப்புக்கும்
ஒரே கறுப்பு, ஒரே தடிப்பு.
மிறேய் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினாள்.
ஒரு கிழமைக்குள் வேதமாகிவிட்டது.
வேதத்தை நம்பி ஒரு பெட்டியை எடுத்தோம்.
மே மாதம் நாற்பத்திரண்டு விதவைகளுக்குப்
பணம் வரவில்லை.

அதன்பிறகுதான்
கோடு கோடாகக் கேட்கத் தொடங்கினேன்:
நீ இருக்கிறாய் என்று யார் சொன்னது?

ஹூகி-மூன்று என்றொரு நடைமுறை.
ஹூகி என்பது ஆளா, ஊரா, வட்டிக் கணக்கா?
ஓய்வில் இருக்கும் ஏஷ்லிமானை அழைத்தேன்.
பின்னால் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
"நான்தான் எழுதினேன்" என்றார்.
சற்றுப் பொறுத்து,
"எழுதியிருப்பேன்."
குழாயை மூடிவிட்டு,
"ஹூகி எழுதியதை நான் திருத்தினேனோ என்னவோ."

மூன்று வாக்கியம், மூன்று தடிப்பு.
என் தரவுத்தளத்தில் இருந்ததோ ஒற்றைக் கட்டம்.
உண்டு அல்லது இல்லை.

நான் யோசிக்கும் மொழியில் இதற்குப் பஞ்சமில்லை.
கண்டால், வந்தான்.
பிறர் சொல்லக் கேட்டால், வந்தானாம்.
செருப்பு வாசலில் கிடந்தால், வந்திருப்பான்.
நாய் மட்டும் குரைத்தால், வந்தானோ.

அந்த 'ஆம்' எங்கள் வீட்டில் ஒருமுறை தொலைந்தது.
தொண்ணூற்றொன்று, பேர்ண், அகதி விசாரணை.
அம்மா சொன்னது:
"தம்பியை லொறியில ஏத்தினவையாம்."
மொழிபெயர்த்தவர் சொன்னது: ஏற்றினார்கள்.
தட்டச்சு இயந்திரமும் அதையே சொன்னது.
நாற்பத்தோராம் கேள்வி: லொறி என்ன நிறம்?
"நான் காணேல்லை."
பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல்: முரண்.

கேள்விப்பட்டதைச் சொல்ல
ஜெர்மனிலும் தனியாக ஒரு வினை வடிவம் உண்டு.
பள்ளியில் படித்தேன், நல்ல மதிப்பெண் வாங்கினேன்.
அன்றைக்கு அந்த அறையில்
யாருக்கும் அது கைக்கு எட்டவில்லை.

இதை நான் அலுவலகத்தில் சொல்லவில்லை.
கூட்டத்தில் சொன்னது இவ்வளவுதான்:
ஒவ்வொரு கோட்டுக்கும் சாட்சி வேண்டும்.
கண்டதா, கேட்டதா, ஊகித்ததா என்று வேண்டும்.
இரண்டு சாட்சிகள் மோதினால்
தீர்த்துவைக்காதே, இரண்டையும் வைத்திரு.

மேலாளர் சூர்பூகன் அம்மையார் கேட்டார்,
"எத்தனை வீதம் உறுதி என்று ஒரு எண் போட்டால் போதாதா?"
எழுபது என்று போடலாம்.
எழுபதை யார் எண்ணியது?
அதுவும் ஒரு தடித்த கோடுதான்.
"பயனர்கள் குழம்பமாட்டார்களா?"
"குழம்புவார்கள்" என்றேன்.
அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

இப்போது சுவரில் புதிய படம்.
கறுப்பாய் நிற்பவை கொஞ்சம்.
மற்றதெல்லாம் புள்ளிக்கோடுகள்.
கண்ணாடியில் தூறல் விழுந்ததுபோல் இருக்கிறது என்று
முகம் சுளித்தாள் மிறேய்.
ஹூகி-மூன்றைத் தொட்டால்
ஏஷ்லிமானின் மூன்று வாக்கியங்களும் வருகின்றன,
சொன்ன வரிசையில்.
தண்ணீர்ச் சத்தத்தை மட்டும் சேர்க்க முடியவில்லை.

கேட்டதைக் குறிக்கும் கட்டத்துக்கு
நான் வைத்த பெயர், ஆம்.
மிறேய் இணையத்தில் அகராதி தேடிப் பார்த்துவிட்டு
நாற்காலியைத் திருப்பினாள்.
"சரி, உண்மை, உண்டு என்றல்லவா போட்டிருக்கிறது?"

தனியே நின்றால் அப்படித்தான் என்றேன்.